கடல் காற்றில் ஒரு டிஎஸ்எல்ஆர்: நிக்கான் டி7200, பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கேமரா வாங்க யோசனை கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "வீடு கடல்ல இருந்து எவ்ளோ தூரம்?" என்பதுதான். மெகாபிக்சல், பிராண்ட் எல்லாம் அப்புறம். வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாடிக் கம்பிக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் துரு எட்டிப் பார்க்கும். உப்பு டப்பாவில் நீர் கோத்து நிற்கும். இந்தக் காற்றில்தான் கேமராவும் குடித்தனம் நடத்த வேண்டும். விமர்சன வீடியோக்களில் இதை யாரும் பேசி நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி7200, லென்ஸைக் கழற்றி மாட்டும், உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் வகைக் கேமரா. 2015-ல் வந்த மாடல். 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), இரண்டு எஸ்டி கார்டு போடும் வசதி. நான் எடுப்பதெல்லாம் நம்ம ஏரியாதான்: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், கோயில் திருவிழா, மாதா தேர், தெருவில் நடக்கும் கேரம் போட்டி, பாக்ஸிங். காசுக்காக எடுப்பதில்லை, ஆனால் பொழுதுபோக்குக்கும் எடுப்பதில்லை. இந்த முகங்கள் நல்லபடியாகப் பதிவாக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

காசிமேட்டில் வெளிச்சம் வரும் முன்பே ஏலம் களைகட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். வாங்க வந்தவருக்கு ஒரு அக்கா வஞ்சிரத்தின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் பேரம் தொடரும், பழுப்பு தட்டியிருந்தால் ஆள் நகர்ந்துவிடுவார். அந்தச் சிவப்பு படத்தில் அப்படியே வருகிறதா என்பதுதான் எந்தக் கேமராவுக்கும் நான் வைக்கும் பரீட்சை. போனில் எடுத்தால் அது பெரும்பாலும் குங்குமச் சிவப்பாகிவிடுகிறது. கெட்டுப்போன மீன்கூட புதுசாகத் தெரிகிறது. டி7200-ல் ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்து, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸைக் கையால் வைத்துக்கொண்டால் நிறம் ஏமாற்றுவதில்லை.

முகத்துக்கும் இதே கதைதான். வெயிலில் உழைத்த கறுப்பு முகம், பக்கத்திலேயே வெள்ளை ஐஸ் குவியல், பின்னால் கிழக்கே வெளுக்கும் வானம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் எந்த மீட்டருக்கும் இது சிக்கலான காட்சி. பளீரென்று இருக்கும் ஐஸைப் பார்த்துவிட்டு மொத்தப் படத்தையும் கேமரா இருட்டாக்கப் பார்க்கும். நான் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முக்கால், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) ஏற்றி, முகத்தைக் காப்பாற்றிவிட்டு வானத்தை விட்டுவிடுவேன். தப்பித் தவறி முகம் இருட்டாகிப் போனாலும் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவு) எடுத்த ரா ஃபைலில் நிழலைத் தூக்கினால் விவரம் வந்து நிற்கிறது. போன் செய்வது வேறு: முகத்தை வெளுக்க வைத்து, தோலை வழவழப்பாக்கி விடுகிறது. கன்னத்து வரியும் நெற்றியில் காய்ந்த உப்பும் காணாமல் போனால் அது அந்த மனிதரின் படமே இல்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

விளக்கு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடிகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/500 நொடி என்று வைத்து வரிசையாகச் சுட்டுப் பாருங்கள், ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கியும், சில சமயம் பாதிப் படம் ஒரு நிறமாகவும் வரும். பாக்ஸிங் ரிங்கில் இது பெரிய தலைவலி. 2017-ல் வந்த டி7500-ல் போட்டோவுக்கே இதைச் சமாளிக்கும் வசதி உண்டு, டி7200-ல் இல்லை. நான் 1/100 நொடியில், ஒரு முழுத் துடிப்பின் அளவில், நிறுத்திக்கொண்டு, குத்து போய்ச் சேரும் கணத்தில் எடுக்கிறேன். அந்த நொடியில் இருவர் உடம்பும் ஒரு கணம் நின்றுவிடும் என்பதால் அசைவு பெரிதாகத் தெரியாது.

ஆப்டிகல் வியூஃபைண்டரின் அருமை மத்தியான வெயிலில்தான் தெரியும். துறைமுகத்தில் பதினோரு மணிக்கு மேல் போன் திரையில் நம் முகம்தான் தெரியும், எதிரே இருப்பது தெரியாது. இதில் கண்ணை வைத்தால் போதும், காட்சி நூறு சதவீதம் அப்படியே இருக்கிறது. தொடுதிரை இல்லாததை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். ஈரக் கையும் மீன் செதிலுமாக நிற்கும் இடத்தில் எனக்கு அது குறையே இல்லை. திருகும் டயலுக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. பேட்டரிக்கு நிறுவனம் தரும் கணக்கு 1,110 படங்கள். என் காலைப் பொழுதுக்கு ஒரு பேட்டரி தாராளம்.

சரி, குறைகள். வீடியோவுக்கு இதை வாங்கவே வாங்காதீர்கள். 4கே கிடையாது, திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். திரை மடங்காது, திரும்பாது. பேட்டரியோடு 765 கிராம், லென்ஸ் மாட்டினால் கழுத்து சொல்லும். கோயில் கருவறைக்குச் சற்றுத் தள்ளி அமைதியான நேரத்தில் ஷட்டர் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. வைஃபை இருக்கிறது, ஆனால் போனுக்கு அனுப்புவதற்குள் பொறுமை போய்விடும். கார்டு ரீடரைப் போனில் செருகுவதே வேகம்.

அனுப்புவது இங்கே முக்கியம். "இன்னா தம்பி, எடுத்துனு போயிடுறே, எங்களுக்குக் காட்ட மாட்டியா?" என்று ஒரு பெரியம்மா கேட்டதிலிருந்து நான் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டேன். 4×6 பிரிண்டுக்கு 1800×1200 பிக்சல் போதும், அதாவது இரண்டு மெகாபிக்சல் சொச்சம். டிஎஸ்எல்ஆர் படத்தின் விகிதம் 3:2, அந்தத் தாளில் அப்படியே உட்கார்ந்துவிடும். போன் படம் 4:3 என்பதால் லேபில் மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள், பாதி நேரம் போவது தலைதான். பிரிண்ட் போட நினைப்பவர்கள் மெகாபிக்சலை விட்டுவிட்டு இதைக் கவனியுங்கள்.

இப்போது உப்புக் காற்று. சுற்றியுள்ள ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கேமரா மேல் படிந்த உப்புத் தூசி இரவில் ஈரமாகி, லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையத்தையும் மேலே ஃபிளாஷ் செருகும் ஷூவையும் மெதுவாக அரிக்கும். டி7200-ன் உடம்பில் தூசிக்கும் ஈரத்துக்கும் அடைப்புகள் உண்டு, அதற்காக அது வாட்டர்ப்ரூஃப் இல்லை. துறைமுகத்திலிருந்து வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பேன். வெறும் உலர் துணியால் துடைத்தால் உப்புத் துகள் கீறிவிடும். துறைமுகத்தில் லென்ஸைக் கழற்றவே மாட்டேன். எது மாட்டிக்கொண்டு போகிறேனோ அதுதான் அன்றைக்கு.

உப்பைவிடக் கொடியது பூஞ்சை. ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இருட்டான இடத்தில், லென்ஸ் கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் போல வளரும். ஆரம்பத்தில் பார்த்தால் துடைத்துவிடலாம், விட்டுவிட்டால் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கையே தின்று தழும்பாக்கிவிடும். தோல் உறையும் ஸ்பாஞ்ச் வைத்த பையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவை கொண்டுபோவதற்கு மட்டும், வைப்பதற்கு இல்லை. நான் பயன்படுத்துவது ரப்பர் விளிம்புள்ள சாதாரண பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும், சூடாக்கினால் திரும்பிவிடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள். பாச்சை உருண்டையும் போடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படியும். காசு இருந்தால், இரண்டாவது லென்ஸ் வாங்குவதற்கு முன்னாலேயே, ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் பெட்டி வாங்கிவிடுங்கள். இதுவே இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ஒரு புதுப் பிரச்சினை. ஏசியில் குளிர்ந்த கேமராவை வெளியே வந்ததும் எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி. துடைத்தாலும் மறுபடி மூடும். ஸ்டேஷனை விட்டு வந்ததும் ஒரு டீ குடியுங்கள், பை மூடியே இருக்கட்டும். கால் மணி நேரத்தில் சூடு சமமாகிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளுக்கு மராமத்து பார்ப்பார்கள். என் கேமராவுக்கும் சர்வீஸ் அப்போதுதான். சென்சாரைச் சுத்தம் செய்து, மவுண்டில் துரு இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்வேன்.

லென்ஸ் என்றால் 35எம்எம் எஃப்/1.8ஜி ஒன்றே போதும் என்பேன். 200 கிராம், மவுண்டில் ரப்பர் வளையம் உண்டு, ஏல வெளிச்சத்துக்கு எஃப்/1.8 என்ற அகலமான திறப்பு கைகொடுக்கும். டி7200-க்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பழைய 50எம்எம் எஃப்/1.8டியும் ஆட்டோஃபோகஸில் ஓடும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் அது ஓடாது, கையால்தான் திருக வேண்டும். எஃப்டிஇசட் என்ற இணைப்பு அடாப்டர் போட்டு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் மாட்டினாலும் அதே நிலைதான்.

கல்யாண வேலைக்கு இறங்குபவர்கள் மிரர்லெஸ் வாங்குங்கள், கண்ணைப் பிடித்துத் தொடரும் ஃபோகஸுக்கு இதனால் ஈடு கொடுக்க முடியாது. படங்கள் வாட்ஸப்போடு முடிந்துவிடும் என்றால் நல்ல போன் போதும். மற்றவர்கள் செகண்ட் ஹேண்டில் டி7200 ஒன்று தேடலாம். கடலோர வீட்டிலிருந்து வரும் கேமராவாக இருந்தால் மவுண்டின் ஸ்குரூக்களையும் பேட்டரி அறையின் தகடுகளையும் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள், நூல் போல ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். ஷட்டரைச் சோதித்த அளவு 150,000 முறை என்று நிறுவனம் சொல்கிறது, ஒரு படத்தை எடுத்து, அதோடு சேர்ந்து பதியும் எக்ஸிஃப் தகவலில் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கைப் பார்த்துவிடலாம். இரண்டு கார்டு இடத்திலும் கார்டு போட்டு எழுதுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.