ஏலம் எப்போது முடிய வேண்டும்: குறித்த நொடியிலா, விலை கேட்பு ஓய்ந்த பிறகா?

என்னிடம் இரட்டையாக இருந்த தபால்தலைகளை இணைய ஏலத்தில் விற்க முடிவெடுத்தபோது, ஏலம் எப்படி முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். ஈபேயில் குறித்த நொடியில் கதவு சாத்தப்படும். ஜப்பானின் யாஹூ ஏலத்தில் விற்பவர் விரும்பினால் நீட்டிப்பு வைக்கலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் விலை ஏறினால் இன்னும் ஐந்து நிமிடம் கிடைக்கும். நான் நீட்டிப்பு உள்ள தளத்தில்தான் போட்டேன்.

குறித்த நேர முடிவில் வசதி உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடை ஞாயிறு இரவு 9 மணிக்கு முடியும் ஏலம் நமக்குத் திங்கள் காலை 6.30. நாம் தரத் தயாரான அதிகபட்ச விலையைப் பதிந்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஆள் வைத்து விலை ஏற்றுபவர்களிடமிருந்தும் கடைசி நொடிக் கேட்பு ஓரளவு காப்பாற்றும்.

ஆனால் அந்த அதிகபட்ச விலை எவ்வளவு என்பதில்தான் சிக்கல். புது செல்போனின் விலை ஊருக்கே தெரியும். 1948 காந்தி பத்து ரூபாய்த் தலைக்கு அப்படியில்லை. அதன் விலை பின்பக்கப் பசையையும் பொறுத்தது; அது அசலா, பிறகு பூசியதா என்று படத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் சிலர்தான். அவர்கள் முன்கூட்டியே விலை கேட்டால் மற்றவர்களும் விழித்துக்கொள்வார்கள். அதனால் கடைசிப் பத்து நொடி வரை பதுங்குவார்கள். பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதுதான் தெரிந்தது: ஈபேயில் கணினியைவிடப் பழம்பொருளுக்குக் கடைசி நேரக் கேட்பு அதிகம், பத்து நிமிட நீட்டிப்பு இருந்த அன்றைய அமேசான் ஏலத்தில் அது மிகக் குறைவு. பதுங்கிப் பயனில்லை என்றால் யார் பதுங்குவார்கள்?

என் 12 அணா காந்தி தலைக்கு, முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது ஒரு கேட்பு வந்தது. அதுவரை முன்னால் இருந்தவர் பின்பக்கப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நீட்டித்த நேரத்தில் விலையை ஏற்றினார். பிறகு அவரே எழுதிச் சொன்னார். நம் ஊர் ஏலத்தில் "ஒருதரம், ரெண்டுதரம்" என்று இழுப்பது இந்த யோசனைக்கு இடம் கொடுக்கத்தானே!

சரி, எல்லாவற்றுக்கும் இது உதவாது. ஒரே ஆள் கேட்கும் மலிவான தலைக்கு எந்த முறையும் ஒன்றுதான். லட்சக்கணக்கில் போகும் பொருளை நான் விற்றதில்லை. அங்கேயும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்புறம், நீட்டிப்பு அந்தந்தப் பொருளுக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்றுக்குப் போட்டி நடந்தால் மொத்தப் பட்டியலும் திறந்தே கிடக்கும் என்ற விதி இருந்தால், நள்ளிரவு தாண்டியும் யாரும் எழுந்து போக முடியாது.