முழு இலை டீ, தொட்டி மூலிகை: சில வருடப் பழக்கத்தில் பிடிபட்டவை

டீ பேக்கை விட்டு முழு இலைத் தேயிலைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. திரும்பிப் போகத் தோன்றவே இல்லை. பைக்குள் இருப்பது பெரும்பாலும் நொறுங்கிய துகள். வெந்நீர் பட்டதுமே நிறமும் துவர்ப்பும் மொத்தமாக இறங்கிவிடும். முழு இலை நிதானமாகத்தான் சாறு விடும்; எங்கே நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

வாங்க வேண்டிய சாமான் ஒன்றுதான்: கோப்பையின் அடிவரை இறங்கும் அகலமான வலை வடிகட்டி. சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டி பார்க்க அழகு, ஆனால் ஊலாங் என்ற தேயிலை வகை மாதிரி சுருட்டிய இலை விரிய அதில் இடம் கிடையாது. இறுகிச் சுருண்ட மணிகள் சில நிமிடத்தில் காம்போடு இலையாக விரிவதைப் பார்ப்பதே சந்தோஷம். அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றலாம். எனக்கு இரண்டாவது கோப்பைதான் உயிர். பூவாசம் அதில்தான் தெளிவாக வரும்.

கிரீன் டீ கசப்பு என்று ஒதுக்கியவர்கள் நீரின் சூட்டைக் குறைத்துப் பாருங்கள். 200 மில்லிக்கு 2 கிராம் இலை, 75–80 டிகிரி, 2 நிமிடம். கொதித்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சற்று ஆறவிட்டால் போதும். பிளாக் டீக்குக் கொதிநீரே சரி.

அப்புறம் மூலிகை. புதினா, துளசி, எலுமிச்சைப்புல் மூன்றும் தொட்டியில் நன்றாக வருகின்றன. புதினாவுக்குத் தனித்தொட்டி கொடுங்கள். இல்லையென்றால் வேரோடிப் பக்கத்துச் செடியை நெருக்கிவிடும். துளசியில் கதிர் வரவர கிள்ளினால் புதுத்தளிர் வந்துகொண்டே இருக்கும். எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டை நசுக்கிப் போட வேண்டும், வாசனை அங்கேதான். எதுவானாலும் மூடி வைத்து ஊறவிடுங்கள். மணமெல்லாம் ஆவியாகிற எண்ணெயில்தான் இருக்கிறது. மூடியின் உட்புறம் கோத்திருக்கும் துளிகளை முகர்ந்தால் புரியும். காஃபின் இல்லாததால் இரவில் இதுதான் என் கோப்பை.

நிழலில் உலர்த்திய துளசி பிரமாதம். புதினா பரவாயில்லை. எலுமிச்சைப்புல்லைப் பச்சையாகவே போடுவேன். தேயிலை அக்கம்பக்க வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதன் டப்பாவைத் தள்ளியே வைக்கிறேன்.

குறை ஒன்றுதான்: வலையில் பழுப்புக்கறை ஏறும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.