ஒரு சிட்டிகை உப்பில் கலங்கிய விளக்கம்: ஆர்.ஓ. வடிகட்டி பற்றி

கடற்கரை ஊரான உப்புவெளியில் எங்கள் கிணற்று நீர் சற்று உவர்ப்பானது. ஆறு மாதங்களுக்கு முன்னர், நீரை நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி உப்பை நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டியை விற்க வந்த இளைஞரோ உவர்ப்பை விட்டுவிட்டு, தொழிற்சாலைக் கழிவுநீரிலுள்ள நச்சு உலோகங்களான ஈயமும் கட்மியமும் கிணறுகள்வரை வந்துவிட்டன என்றே பேச்சைத் தொடங்கினார். ஒரு குவளையில் கிணற்று நீரையும் மற்றதில் வடிகட்டிய நீரையும் ஊற்றி, மின்முனைகள் பொருத்திய கருவியை இரண்டிலும் இறக்கினார். சிறிது நேரத்தில் எங்கள் நீர் சேறுபோல் கபில நிறமானது. மற்றது தெளிவாகவே இருந்தது. அம்மா அன்று அந்தக் கிணற்று நீரில் தேநீர்கூடப் போடவில்லை.

"தம்பி, உங்கட தண்ணீரில கொஞ்சம் உப்புப் போட்டுப் பார்ப்பமா?" என்று கேட்டேன். அவர் தயங்கினார், நான் போட்டேன். அதுவும் கபிலமானது. கருவியின் இரும்பு முனைதான் கரைகிறது. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கு விரைவாகக் கரைகிறது, அவ்வளவுதான்.

அவர் பின்னர் நீட்டிய, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானியும் ஈயத்தையோ கட்மியத்தையோ அறிய உதவாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு ஈயம் 0.01, கட்மியம் 0.003 மில்லிகிராம் என வழிகாட்டி அளவு வைத்திருக்கிறது. கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து முழு மில்லிகிராமில் காட்டும் அந்த மானியில், ஈயம் பத்து மடங்கு மிகுந்தாலும் எண் அசையாது. நிறமோ மணமோ காட்டாத இந்த உலோகங்கள் கொதிக்கவைத்தாலும் நீங்குவதில்லை. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். ஜப்பானில் 1956இல் வெளிப்பட்ட மினமாட்டா நோய், ஆலைக் கழிவில் வந்த பாதரசம் மீனில் சேர்ந்து மனிதரைத் தாக்கியதால் விளைந்தது. கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு அந்த அச்சம் கற்பனையன்று. ஆனால் அறிய விரும்புவோர் அமிலத்தால் கழுவிய போத்தலில் மாதிரி எடுத்து, உலோகம் சுவரில் ஒட்டாதிருக்க நைத்திரிக் அமிலம் சேர்த்து, ஒவ்வோர் உலோகத்தையும் தனித்தனியே அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அந்த வடிகட்டியை வாங்கினேன். உவர்ப்பு அடியோடு போய்விட்டது. தேநீரின் சுவையே வேறு. நல்ல நிலையிலுள்ள ஆர்.ஓ. சவ்வு ஈயத்தையும் கட்மியத்தையும் பெருமளவு தடுக்கும் என்பதும் உண்மையே. விற்பவர் அதை நேர்மையாகவே சொல்லியிருக்கலாம். குறை, ஒரு வாளி குடிநீருக்கு ஏறத்தாழ மூன்று வாளி கழிவாக வெளியேறுவது. அதை முற்றம் கழுவப் பயன்படுத்துகிறோம். முன்வடிகட்டியை மாற்ற அழைத்தபோது மூன்று வாரம் கழித்தே வந்தார்கள். சவ்வு தளர்கிறதா என்று பார்க்கமட்டும் டி.டி.எஸ். மானி பயன்படுகிறது, வடிகட்டிய நீரின் எண் மெல்ல ஏறத் தொடங்கினால் சவ்வை மாற்றும் காலம் வந்துவிட்டது. அந்த மானியை இலவசமாகத் தந்தார்கள்.