வேட்டைக் கருவியா, கோல்ஃப் கருவியா, கொத்தனார் கருவியா? மதுரைப் பக்கம் தூரம் அளக்க எது தோது

அரிட்டாபட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லகர் வல்லூறு ஒன்று பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தது. இருநூறு மீட்டர் இருக்கும் என்றேன். கூட வந்த நண்பர் முந்நூற்றைம்பதுக்குக் குறையாது என்றார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அய்யா எங்கள் பஞ்சாயத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ரெண்டு கூப்பிடு தூரம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பறவைக் கணக்கெடுப்புத் தாளில் கூப்பிடு தூரத்துக்குக் கட்டம் கிடையாது. லேசர் ஒளியை அனுப்பித் தூரம் சொல்லும் ரேஞ்ச் ஃபைண்டர் வாங்கும் ஆசை அன்றைக்குத்தான் பிடித்தது.

பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே தேடினால் கண்ணில் படுபவை பெரும்பாலும் ‘வேட்டைக்கு’ என்றோ ‘கோல்ஃபுக்கு’ என்றோ எழுதி வருகின்றன. அதைவிட மலிவாக, கட்டட வேலைக்கான லேசர் மீட்டர் எந்தப் பெரிய ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. வேட்டைக் கருவியை நான் காசு கொடுத்து வாங்கினேன். மற்ற இரண்டும் ஓசி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். முயலுக்கும் சேர்த்துத்தான். கடலைக் காட்டை உழுதுபோடும் காட்டுப்பன்றியைக்கூட விவசாயி தானாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையின் வேலை. அதனால் நம் ஊரில் இந்தக் கருவிக்கு வேலை பறவை பார்ப்பவரிடமும் தோப்புக்காரரிடமும்தான். காட்டோரம் போகும்போது துப்பாக்கிப் படம் போட்ட உறையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விளக்கம் சொல்லும் நேரம் மிச்சம்.

கொத்தனார் கருவியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போஷ் ஜிஎல்எம் 40 போன்றவை 40 மீட்டர் வரை அளக்கும், பிழை ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் சுவரில் விழும் சிவப்புப் புள்ளியைக் கண்ணால் பார்த்துக் குறிவைக்க வேண்டும். மதுரை வெயிலில், வெட்டவெளியில், பத்துப் பதினைந்து மீட்டர் தாண்டினால் புள்ளி எங்கே விழுகிறது என்றே தெரியாது. வீட்டு மனைக்கும் அறைக்கும் இதை அடிக்க ஆளில்லை. மலைக்கு இது ஆகாது.

வேட்டைக் கருவியும் கோல்ஃப் கருவியும் வெளியில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆறு மடங்கு பெருக்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி, மேலே ஒரு பொத்தான். இரண்டும் பொதுவாக 905 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகின்றன. ஒளி ஒரு மீட்டர் போய்த் திரும்ப சுமார் 6.7 நானோநொடி. அவ்வளவு நுணுக்கமாக நேரம் பார்க்க வேண்டியிருப்பதால்தான் மலிவுக் கருவிகளில் ஒரு மீட்டர் முன்பின் பிழை சகஜம்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கோல்ஃப்காரருக்கு வேண்டிய கொடிக்கம்பு முன்னால் நிற்கும், மரங்கள் பின்னால். ஆகவே பல எதிரொளிகள் வந்தால் கிட்டே உள்ளதை அது காட்டும். வேட்டைக்காரருக்கு நேர்மாறு: புல்லும் புதரும் முன்னால், மான் பின்னால். அதனால் தூரத்தில் உள்ளதைக் காட்டும். நிக்கானையே எடுத்துக்கொள்ளுங்கள். கூல்ஷாட் 20 ஜிஐஐ கோல்ஃபுக்கானது, கிட்டத்து இலக்குக்கு முன்னுரிமை. புரோஸ்டாஃப் 1000 தூரத்து இலக்குக்கு முன்னுரிமை தருவது. உருவத்தில் பெரிய வேற்றுமை இல்லை.

நம் கண்மாய்க்கரையில் நின்றால் இது புரிந்துவிடும். சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே கிடைக்கும் சந்து வழியாக எதிர்க்கரை நாரைக் கூட்டத்தைப் பார்த்தேன். ஓசி வாங்கிய கோல்ஃப் கருவி 14 மீட்டர் என்றது. அது முள்ளுக் கிளையின் தூரம். வேட்டைக் கருவி அதே சந்தில் 180 சொன்னது. ஆனால் மொட்டைக் கிளையில் உட்கார்ந்த ஒற்றைப் பருந்து, பின்னால் மலை என்றால் வேட்டைக் கருவி மலையின் தூரத்தைச் சொல்லி ஏமாற்றும். அப்போது அடிமரத்தைக் குறிவைத்துக்கொள்வேன். சில மலிவுக் கருவிகளில் கிட்டத்து இலக்கு, தூரத்து இலக்கு என்று முன்னுரிமையை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அதிகபட்ச தூரத்தைவிட அந்த வசதிக்குக் காசு கொடுப்பது மேல்.

சரிவுக் கணக்கில் வேற்றுமை இன்னும் பெரிது, வாங்குபவர் பலரும் கவனிப்பதில்லை. அரிட்டாபட்டிப் பாறை ஒன்று 30 பாகை ஏற்றத்தில், நேர்கோட்டில் 60 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். வேட்டைக் கருவியின் கோணத் திருத்தம் தரைமட்டத் தூரத்தைச் சொல்லும்: 52 மீட்டர். அம்பும் குண்டும் தாழ்வது அந்தக் கிடைத் தூரத்தைப் பொறுத்தது என்பதால் அப்படி. கோல்ஃபில் மேடு ஏறும் பந்தைக் கூடுதலாக அடிக்க வேண்டும். எனவே நிக்கான் கோல்ஃப் கணக்கு அந்த 52 மீட்டரோடு 30 மீட்டர் உயரத்தையும் கூட்டி 82 என்று காட்டும். ஒரே பாறைக்கு 52 என்றும் 82 என்றும் எழுதினால் அந்தக் கணக்கெடுப்பு எதற்கு ஆகும்? கோல்ஃப் கருவிதான் கையில் இருக்கிறதென்றால் சரிவு வசதியை அணைத்துவிட்டு அளக்கவும்.

பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். 600 மீட்டர் என்றால், பளபளப்பான இலக்குக்கு 600. மேலூர் நான்குவழிச்சாலையின் பச்சைப் பெயர்ப்பலகை அந்த எண்ணுக்குக் கிட்டே போகும். புளியமரம் அந்த அளவு ஒத்துழைக்காது. விலங்கின் மேல்தோலுக்குப் பாதி கிடைத்தாலே பெரிது. உச்சிவெயிலில் இன்னும் குறையும், மேகமூட்டமான காலையில் கூடும். அசையாத கண்மாய்த் தண்ணீரைக் குறிவைத்தால் ஒளி சறுக்கி அப்பால் போய்விடும், திரையில் வெறும் கோடுகள். கதிரும் விரியும். 2 மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு 2 மில்லிமீட்டர், விரிந்தால் 300 மீட்டரில் 60 சென்டிமீட்டர் அகலம். கம்பியில் உட்கார்ந்த பனங்காடை அதற்குள் ஒரு துளி.

அலகையும் பாருங்கள். பெட்டிக்குள்ளிருந்து வரும்போது பல கருவிகள் கஜத்தில் காட்டும். நான் முதல் இரண்டு வாரம் கஜத்தை மீட்டர் என்று எழுதிவைத்தேன். நூறு கஜம் 91 மீட்டர்தான், தாள் முழுக்கத் திருத்தினேன். வாங்கும் முன் பேட்டரியையும் கேளுங்கள். சிஆர்2 பேட்டரி ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்காது. யூஎஸ்பியில் சார்ஜ் ஏறுவது நமக்குத் தோது. மலிவுக் கருவிகளின் கறுப்பு எண்கள் பொழுது சாயும் நேரத்தில் கறுப்புப் பாறைமேல் மறைந்துபோகும். சிவப்பெழுத்து வேண்டுமென்றால் விலை ஏறும்.

பத்திரத்துக்கு நிலம் அளக்க இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 50க்கு 40 மீட்டர் இடம் 49.4 சென்ட். இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் 51.7 சென்ட் வரும். அந்த இரண்டே கால் சென்டுக்கு நம் ஊரில் மூன்று தலைமுறை பேசாமல் இருப்பார்கள். அங்கே சர்வேயர் சங்கிலியும் டேப்பும்தான்.

கண்மாய்க்கும் மலைக்கும் தோப்புக்கும் என்று கேட்டால், கோணத் திருத்தத்தோடு கிடைத் தூரம் காட்டுகிற வேட்டைக் கருவிக்கே என் ஓட்டு. 600 மீட்டர் போதும். பெரிய எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் அது மலிவுக் கருவியாகவும் இருக்காது.

என்னுடையது இப்போது என்னிடம் இல்லை. அலங்காநல்லூரில் மாமா தென்னந்தோப்புக்குப் பைப் போட அளக்க வாங்கிப்போனார். “ஒரு மீட்டர் முன்னப்பின்ன காட்டும் மாமா” என்று எச்சரித்தேன். “பைப்பு இருபதடி நீளத்துலதான வருது மாப்ள, வெட்டிக்கிட்டாப் போச்சு” என்றார். மூன்று மாதம் ஆகிறது. தோப்பில் பைப் போட்டு முடித்துவிட்டார், பக்கத்துத் தோப்பில் அளந்துகொண்டிருக்கிறாராம்.