1541 டிரைவுக்கு ஒரு டிஸ்க் கருவி: ஆறு வருட அனுபவம்

1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான கொமடோர் 64-க்காக ஒரு டிஸ்க் கருவியை ஆறு வருடமாக எழுதி வருகிறேன், அதை நானே வாராவாரம் பயன்படுத்தியும் வருகிறேன். பழைய ஃபிளாப்பியைப் பிரதியெடுப்பது, அழித்த கோப்பை மீட்பது, ஒவ்வொரு பிளாக்கையும் (டிஸ்க்கில் தரவு இருக்கும் 256 பைட் துண்டு) திறந்து பார்ப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. நிரலை சிசி65 தொகுப்பில் உள்ள அசெம்ப்ளரில் எழுதுகிறேன். முதல் சோதனை, கொமடோரைப் பிசியில் போலச்செய்து ஓட்டும் வைஸ் எமுலேட்டரில்; கடைசிச் சோதனை, கொமடோரின் ஃபிளாப்பி டிரைவான நிஜமான 1541-இல்.

எமுலேட்டர் அருமையானது. டிரைவுக்குள் ஓடும் 6502 செயலியையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அது இல்லாவிட்டால் நான் முதல் வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அதில் ஏற்றும் டி64 என்ற டிஸ்க் நகல் கோப்பு 683 பிளாக்கும் பழுதில்லாத 174,848 பைட். நிஜ ஃபிளாப்பி அப்படி இருக்காது. என் மீட்பு நிரல் எமுலேட்டரில் ஒரு வருடம் பிசகாமல் ஓடியது. நிஜ டிரைவில் போட்ட முதல் நாளே 23-ஆம் எண் பிழை வந்தது, அதாவது பிளாக்கின் செக்சம் (தரவு சரியா என்று பார்க்கும் எண்) ஒத்துப்போகவில்லை. மறுபடி படிக்கச் சொன்னேன், அதே பிழை. டிரைவின் படிக்கும் தலையை இரண்டு டிராக் (டிஸ்க்கில் உள்ள வட்டப் பாதை) தள்ளிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து படித்தபோது பிளாக் சுத்தமாக வந்தது. அன்றிலிருந்து அந்தச் சின்ன நடை என் கருவியில் நிரந்தரமாக இருக்கிறது.

1541-இல் வேலை செய்வதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், டிரைவே ஒரு தனிக் கம்ப்யூட்டர் என்பது. 2 கேபி ரேம்தான். அதில் ஒரு 256 பைட் பஃபருக்குள் அடங்கும்படி நிரலை இறுக்கி, டிரைவின் நினைவகத்தில் எழுதும் மெமரி-ரைட் கட்டளையில் 32 பைட் 32 பைட்டாக அனுப்பி, அங்கேயே ஓடவிடுகிறேன். வழக்கமான சீரியல் இணைப்பில் நொடிக்குச் சுமார் 400 பைட்தான் வரும். முழு டிஸ்க்கைப் படித்து முடிக்க ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். டிரைவுக்குள் சொந்தமாக ஒரு வேகப் பரிமாற்ற நிரல் போட்ட பிறகுதான் தினசரி வேலைக்கு இது லாயக்கானது.

அழித்த கோப்பை மீட்பது நினைப்பதைவிட எளிது. 1541 கோப்பை அழிக்கும்போது, 18-ஆம் டிராக்கில் உள்ள டைரக்டரியில் கோப்பின் வகையைக் குறிக்கும் பைட்டைச் சுழியமாக்கும், எந்தப் பிளாக் காலி என்று காட்டும் பிட்மேப்பில் அதன் பிளாக்குகளைக் காலி என்று குறிக்கும். தரவைத் தொடாது. ஒவ்வொரு பிளாக்கின் முதல் இரண்டு பைட்டும் அடுத்த பிளாக்கின் டிராக்கையும் செக்டரையும் சொல்வதால், சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்.

மூன்றாம் வருடம் நடந்ததை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. பிட்மேப்பைப் புதிதாகக் கட்டும் வசதியைச் சேர்த்திருந்தேன். நண்பர் தந்த ஒரு ஃபிளாப்பியில் அதை ஓட்டினேன். அந்த டிஸ்க்கில் இருந்த பழைய நிரல், தன் பதிவுகளை டைரக்டரியில் சேர்க்காமல் நேரடியாகச் செக்டர்களில் எழுதி வைத்திருந்தது. எந்தக் கோப்பின் சங்கிலியிலும் இல்லாததால் என் கருவி அவற்றைக் காலி என்று குறித்தது. அடுத்துச் சேமித்த கோப்பு அவற்றின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பதிவுகள் திரும்பி வரவில்லை.

அதனால் இப்போதைய பதிப்பு, முழு டிஸ்க்கையும் பிசிக்குப் படித்து முடிக்கும்வரை எழுதும் கட்டளை எதையும் திறந்துவிடாது. இதனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நேரம் கூடுகிறது. கூடட்டும். அப்புறம், காந்தப் பூச்சு உதிரும் டிஸ்க் ஒன்று தலையை அழுக்காக்கினால் அடுத்து வரும் நல்ல டிஸ்க்கும் கெட்டுப்போகும். இரண்டு டிராக்கில் தொடர்ந்து பிழை வந்தால் உடனே நிறுத்தி, டிஸ்க்கை வெளியே எடுத்துத் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்லும் செய்தியைப் போன மாதம்தான் சேர்த்தேன்.