கடைவாய்ப் பல் இம்ப்ளாண்ட்: வேலை சுத்தம், பின்கவனிப்பு சுமார்

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன், அதாவது தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானிய ஸ்க்ரூ, அதன்மேல் கேப் என்கிற செயற்கைப் பல். கோவையில் ஒரு தனியார் பல் கிளினிக். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் "ஒரே நாளில் பல்" என்று போர்டு வைத்திருக்கும்போது, இந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு "ஸ்க்ரூ இன்றைக்கு, கேப் மூன்று மாசம் கழிச்சுதான்" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் காரணம் கேட்டபோது பொறுமையாகச் சொன்னார். டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம் தானாகவே படிந்துவிடுமாம், உடம்பு தொடுவது அந்தப் படலத்தைத்தான், அதனால்தான் ஏதோ வேண்டாத பொருள் என்று நார்த்திசுவைச் சுற்றி ஒதுக்கிவைக்காமல் எலும்பே நேராக அதன்மேல் வந்து ஒட்டுகிறது, அப்படி ஒட்டுவதற்குத்தான் அந்த மூன்று மாசம். ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950களில் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் போய்க் கண்டுகொண்ட விஷயம் இது. 1965இல் மனிதத் தாடையில் வைத்துவிட்டார்.

எலும்பில் துளை போடுவது பயந்த அளவுக்கு இல்லை. டிரில் மெதுவாகத்தான் சுற்றியது, உப்புநீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள், வாய் நிறைந்து அதை உறிஞ்சும் குழாயின் சத்தம்தான் காதை அடைத்தது. அந்தத் தண்ணீர் சும்மா இல்லை. எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே செத்துப்போகும், செத்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்காது.

இறக்கிய அன்று ஸ்க்ரூ கெட்டியாக நிற்பது வெறும் முறுக்குப் பிடிதான். அப்புறம் துளையைச் சுற்றி அடிபட்ட பழைய எலும்பை உடம்பு அரித்து எடுக்கிறது, புது எலும்பு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று வாரத்தில் பிடி கொஞ்சம் தளர்கிறது. வேடிக்கை என்னவென்றால் தையல் பிரித்து, வலியெல்லாம் போய், அந்தப் பக்கமாக முறுக்கு கடிக்கலாமா என்று தோன்றுவதும் சரியாக அப்போதுதான்.

இனி குறை. கேப் போட்டதும் "எல்லாம் ஓகே" என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய நார் இருக்கிறது, அதுதான் மெத்தை, கடிக்கும்போது தகவல் சொல்வதும் அதுதான். இம்ப்ளாண்டுக்கு அது கிடையாது. கேப் கொஞ்சம் உயரமாக இருந்தது, அது எனக்குத் தெரியவே இல்லை, எதிரே இருந்த மேல்பல் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் திரும்பப் போய், நீலத்தாளைக் கடிக்கவைத்து மை பட்ட இடத்தைத் தேய்த்துவிட்டார்கள். அந்தத் தாளை முதல் நாளே ஒழுங்காக வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஈறு விஷயத்தையும் நானேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஈறு சொந்தப் பல்லைப் பிடிப்பதுபோல இதை இறுக்கிப் பிடிக்காது, இடுக்கில் அழுக்குச் சேர்ந்தால் கிருமி உள்ளே இறங்கி, பெரும்பாலும் வலியே இல்லாமல் எலும்பைக் கரைக்கும். இடுக்குக்கென்றே சின்ன பிரஷ் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சிகரெட் பிடிப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது முக்கியம். இங்கே சர்க்கரை மட்டும்தான் விசாரித்தார்கள்.

பில் 30,000 ரூபாயைத் தாண்டியது, ஸ்கேன் தனி. இந்த வேலைக்கு அது அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

ஒன்று மட்டும், ஸ்க்ரூ டப்பாவில் கம்பெனி, அளவு, பேட்ச் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். கேட்காவிட்டால் அது அவர்கள் ஃபைலோடு போய்விடும். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் கேப் ஆடினால், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் அங்குள்ள டாக்டர் எந்தத் திருப்புளியை எடுப்பது என்றே திண்டாடுவார். ஒன்றை வாங்கி உங்கள் ஃபைலில் ஒட்டிவையுங்கள்.