சுகவனிதையர் கிளினிக்கில் கேட்கப்படும் குடும்ப வரலாறு

இலங்கையில் 35 வயதைக் கடந்த பெண்களுக்காக 1996ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டுவரும் சுகவனிதையர் கிளினிக், புலம்பெயர்ந்து வாழும் எங்களில் பலருக்குத் தெரியாத ஒரு சேவை. அங்கு போவதற்கு நோய் இருக்கத் தேவையில்லை, வைத்தியரின் கடிதம் தேவையில்லை, ஒரு ரூபாயும் செலவில்லை. இரத்த அழுத்தம், சீனி, உடல் நிறை, தைரொயிட், கருப்பைக் கழுத்து, மார்பகம் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிடுகிறார்கள். லண்டனிலிருந்து இம்முறை யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, 44 வயதான என் மச்சாளுடன் வலிகாமத்திலுள்ள ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, அந்தக் கிளினிக் நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். மார்பகப் புற்றுநோய்க்கான ஆபத்துக் காரணிகளை அங்கு எப்படிக் கேட்கிறார்கள், பெண்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கான பதில் பல வீடுகளில் ஊரில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் எங்களிடம்தான் இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே வாங்குகள் நிறைந்திருந்தன. குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்தார். தன்னை "மிஸ்ஸி" என்று கூப்பிடும் அத்தனை பெண்களின் வீடு வாசலும் பிள்ளை குட்டியும் அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வயதில் சாமத்தியப்பட்டது, முதற்பிள்ளை எத்தனை வயதில் பிறந்தது, எவ்வளவு காலம் பால் கொடுத்தது, மாதவிலக்கு நின்றுவிட்டதா, ஹோமோன் மருந்து ஏதும் பாவித்ததா, குடும்பத்தில் யாருக்காவது மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பரிசோதனை உள்ளறையில், திரைக்குப் பின்னால், மிகுந்த கண்ணியத்துடன் நடந்தது. ஆனால் இந்தக் கேள்விகள் மட்டும், அடுத்தவரின் முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்கப்பட்டன. இதைப் பிறகு அவரிடம் சொன்னபோது, இருப்பது ஓர் அறைதான் என்றார்.

கேட்கப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹோமோன் மார்பகத் திசுவைத் தூண்டும் ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. ஆகவே 12 வயதுக்கு முன் சாமத்தியப்பட்டவர்கள், 55 வயதுக்குப் பின் மாதவிலக்கு நின்றவர்கள், பிள்ளை பெறாதவர்கள், முதற்பிள்ளையை 30 வயதுக்குப் பின் பெற்றவர்கள் ஆகியோரைக் குறித்துக்கொள்கிறார்கள். மாதவிலக்கு நின்றபின் கூடும் உடல் நிறையும் இதே வழியில்தான் கேடு செய்கிறது. சூலகம் ஓய்ந்த பிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் உண்டாகும் முக்கிய இடமாகிவிடுகிறது. கிணற்றில் தண்ணீர் அள்ளிய கைகளுக்கு மோட்டரும், நடந்த கால்களுக்கு ஸ்கூட்டியும் வந்துவிட்ட ஊரில், தராசில் ஏறிய பலரின் நிறை கூடியே இருந்தது. மது அருந்துவதும் ஆபத்தைக் கூட்டும் என்றாலும், அன்று அங்கிருந்தவர்களைப் பொறுத்தவரை அது பேச்சுக்கே வரவில்லை. வெளிநாட்டில் வாழும் எங்கள் பெண்களுக்கு அந்தக் கேள்வியும் பொருந்தும்.

"மூண்டு பிள்ளையளுக்கும் இரண்டு வருசம் பால் குடுத்தனான், எனக்கு உது வராது மிஸ்ஸி" என்று ஓர் அம்மா உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வின்படி, ஒவ்வொரு 12 மாதப் பாலூட்டலும் ஆபத்தை ஏறத்தாழ 4.3 வீதத்தாலும், ஒவ்வொரு பிள்ளைப்பேறும் அதற்கு மேலாக 7 வீதத்தாலும் குறைக்கின்றன. குறையும், ஆனால் இல்லாமற் போகாது. மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குப் பெண்ணாக இருப்பதையும் வயதையும் தவிரக் குறிப்பான ஆபத்துக் காரணி எதுவும் இருப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று பதில் சொன்ன பெண்களையும் வீட்டுக்கு அனுப்பாமல், மற்றவர்களைப் போலவே பரிசோதித்த அந்தப் பணிமனையின் நடைமுறை மிகச் சரியானது. அந்த அம்மாவிடமும் உத்தியோகத்தர், "வராது எண்டில்லை அம்மா, வாற சந்தர்ப்பம் குறைவு எண்டுதான். உள்ளை போங்கோ" என்றார்.

குடும்ப வரலாறு பற்றிய கேள்வி வந்தபோதுதான் எனக்கு மனம் கனத்தது. மச்சாள் கொஞ்சமும் தயங்காமல், "அப்பிடி ஒருத்தருக்கும் இல்லை மிஸ்ஸி" என்றார். அவருக்கு அடுத்து வந்த பெண் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்கு மார்பிலை ஒரு புண் இருந்தது. 95 இடப்பெயர்வோடை சாவகச்சேரியிலை மோசம் போயிட்டா. என்ன வருத்தமெண்டு அப்ப ஆர் பாத்தது?" என்று கேட்டார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவோடு இரவாக வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது, வைத்தியசாலைக் கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? தாய் எதனால் இறந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத பெண்ணிடம், ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்கிறது அந்தப் படிவம். உத்தியோகத்தர் இரண்டையும் குறிக்காமல், ஓரத்தில் சந்தேகம் என்று எழுதி, வைத்தியரிடம் சொல்லும்படி அனுப்பினார். நல்ல உத்தியோகத்தர் அமைந்த இடத்தில் அது நடந்தது.

அன்று மாலை மச்சாள் ரொறன்ரோவிலுள்ள தன் அக்காவுடன் பேசும்போது கிளினிக் கதையையும் சொன்னார். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தன் 46 வயதில், மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்றதாக அக்கா அப்போதுதான் சொன்னார். ஊருக்கு அன்று சொல்லப்பட்டது, சின்னக் கட்டியொன்றை எடுத்தார்கள் என்பது மட்டுமே. தாய்க்கு இருதய வருத்தம், குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், தெரிந்தால் குழம்பிவிடும் என்று அவர் பயந்திருக்கிறார். லண்டனில் நான் அறிந்த வீடுகளிலும் இதே காரணங்கள், இதே மறைப்பு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மறைக்கப்பட்டது ஒரு செய்தி மட்டுமல்ல. ஊரிலுள்ள தங்கையின் படிவத்தில் இருக்கவேண்டிய ஒரு பதிலும் அதனுடன் சேர்ந்து மறைந்துவிட்டது.

தாய், சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஒரு பெண்ணின் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அவர் இளவயதில் நோயுற்றிருந்தால், அல்லது ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருந்தால், அது மேலும் கூடும். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 வீதமானவை பரம்பரை மரபணு மாற்றங்களால் வருபவை. 1994இலும் 1995இலும் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 ஆகிய மரபணுக்களில் ஒன்றில் பழுது இருக்கும் பெண்களில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு 80 வயதுக்குள் இந்நோய் வரக்கூடும். அந்தப் பழுது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடத்தப்படும் வாய்ப்பு அரைக்கு அரை, அந்தப் பெற்றோர் தகப்பனாக இருந்தாலும் அதே அளவுதான். வாங்கிலிருந்த ஒருவர், தன் தகப்பனின் சகோதரிக்கு இருந்தது கணக்கில் வராது என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அது தவறு. மாமிமாரையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து போகும் நாங்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிரித்தானியாவில் 50 வயதிலிருந்து 71 வயது வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மெமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படம் எடுக்கக் கடிதம் வீடு தேடி வரும். இலங்கையில் அப்படி எல்லாப் பெண்களுக்குமான மெமோகிராம் திட்டம் இல்லை. அதனால் கையால் பார்க்கும் பரிசோதனையால் என்ன பயன் என்று ஊரில் சொல்லிவிட்டு வருபவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டு தொடங்கி, ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த குழுவில் நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய 30 வீதம் குறைந்தது. கண்டுபிடித்து என்ன செய்வது என்ற பழைய பயத்துக்கும் இன்று இடமில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையிலேயே இருக்கிறது.

மச்சாள் மீண்டும் கிளினிக்குக்குப் போய், இம்முறை உள்ளறையில் வைத்தியரிடம் நேரே சொன்னார். எந்த வயதில், ஒரு மார்பிலா இரண்டிலுமா, எந்த வகை, மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று வைத்தியர் கேட்ட நான்குக்கும் விடை ரொறன்ரோவில்தான் இருந்தது. அக்கா தன் நோயியல் அறிக்கையைப் படமெடுத்து வட்ஸப்பில் அனுப்பிவைத்தார். அதைப் பார்த்தபின், சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுக்கப்பட்டு, மெமோகிராமும் ஸ்கானும் எடுக்கப்பட்டன. கட்டி எதுவும் இல்லை. இனி ஆண்டுதோறும் வரும்படி சொல்லியிருக்கிறார்கள். அக்காவைக் கனடாவில் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் பழுது ஏதும் தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் மற்றச் சகோதரங்களில் தேடிப் பார்க்கலாம். கிளிநொச்சியிலுள்ள அண்ணனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவருக்கும் சொல்வதென்று அக்காவும் தங்கையும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.